அப்பாவோட பழைய பிக்கப்புக்கு 45,000 ரூபாய் எஸ்டிமேட்: டீசல் பம்பைக் கழட்டறதுக்கு முன்னாடி போட வேண்டிய கணக்கு



உங்களுக்கு வேலை சென்னையிலயோ பெங்களூருலயோ. வீடு பெரியநாயக்கன்பாளையம், இல்லன்னா காரமடை, நரசிம்மநாயக்கன்பாளையம் பக்கம். மாசம் 20ஆம் தேதி தாண்டின பிறகு வீட்டுல இருந்து ஒரு ஃபோன் வருது. "வண்டி இழுக்க மாட்டேங்குது கண்ணு. பட்டறைல காட்டினேன். டீசல் பம்ப் போயிருச்சாம். நாப்பத்தஞ்சாயிரம் ஆகுங்கறாங்க."

அப்பா பணம் கேக்க மாட்டார். விஷயத்தை மட்டும் சொல்லிட்டு, "சாப்டியா?"ன்னு பேச்சை மாத்திடுவார். ஆனா அந்த நாப்பத்தஞ்சாயிரம் உங்க தலைக்குள்ள ஓட ஆரம்பிச்சிடும். கிரெடிட் கார்டுல தேய்ச்சிடலாமா? பர்சனல் லோன் போடலாமா? இல்ல, இந்த ஓட்டை வண்டியை வித்துட்டு உங்க பேர்ல லோன் போட்டு புதுசா ஒண்ணு எடுத்துக் கொடுத்துடலாமா?

இந்த மூணுக்கும் முன்னாடி இன்னொரு கேள்வி இருக்கு. உண்மையிலயே பம்ப்தான் போச்சா? அதைத் தெரிஞ்சுக்காம எடுக்கற எந்தப் பண முடிவும் கண்ணைக் கட்டிக்கிட்டு எடுக்கற முடிவுதான். அதனால இன்னிக்குப் பதிவுல பாதி மெக்கானிக் பாடம், பாதி பணப் பாடம். ரெண்டும் சேர்ந்தாதான் விடை கிடைக்கும்.

டீசல் எந்த வழியா போகுது?

பெட்ரோல் இன்ஜின்ல ஸ்பார்க் பிளக் தீப்பொறி வைக்கும். டீசல் இன்ஜின்ல அது கிடையாது. சிலிண்டருக்குள்ள காத்தை நெருக்கி நெருக்கி அழுத்தினா அது பயங்கரமா சூடாகும். சரியான நேரத்துல அந்தச் சூட்டுக்குள்ள டீசலைப் பனி மாதிரி தூவினா, தானே பத்திக்கும். ருடால்ஃப் டீசல் 1897ல ஓட்டிக் காட்டின இன்ஜினோட தத்துவம் இதுதான். ஆனா "சரியான நேரத்துல, சரியான அளவு, பனி மாதிரி" தூவறதுதான் பெரிய வித்தை. ஜெர்மனியோட பாஷ் கம்பெனி 1927ல டீசல் பம்பை வரிசையா தயாரிக்க ஆரம்பிச்ச பிறகுதான் லாரிகளுக்கு டீசல் இன்ஜின் சரளமா வந்துச்சு. நம்ம நாட்டுல 1951ல தொடங்கின மைக்கோதான் இன்னிக்கு பாஷ் பேர்ல இருக்கு. பழைய மெக்கானிக்குங்க இன்னும் "மைக்கோ பம்ப்"னு சொல்றது அதனாலதான்.

பழைய பிக்கப்ல டீசல் போற பாதை இது: டேங்க், அதுக்குள்ள ஒரு வலை, அங்கிருந்து ரப்பர் ஹோஸ், ஃபீட் பம்ப், தண்ணி பிரிக்கற கிண்ணம், டீசல் ஃபில்டர், அப்புறம் பெரிய பம்ப். அதை எஃப்.ஐ. பம்ப்னு சொல்லுவாங்க. அங்கிருந்து ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு இரும்பு பைப், அதோட முனையில இன்ஜெக்டர், இன்ஜெக்டர் நுனியில நாசில். செலவானது போக மிச்ச டீசல் ரிட்டர்ன் லைன் வழியா டேங்குக்கே திரும்பிடும்.

இதை ரெண்டாப் பிரிச்சு மனசுல வெச்சுக்கோங்க. டேங்க்ல இருந்து பெரிய பம்ப் வரைக்கும் கம்மி அழுத்தப் பகுதி. அங்க இருக்கறதெல்லாம் பெரும்பாலும் விலை கம்மியான சாமான். பெரிய பம்ப்ல இருந்து நாசில் வரைக்கும் அதிக அழுத்தப் பகுதி. மெக்கானிக்கல் பம்ப் வண்டியில நாசில் திறக்கறதுக்கே சுமார் 150ல இருந்து 250 பார் வரைக்கும் அழுத்தம் வேணும். உங்க கார் டயர்ல இருக்கறது 2 பார் சொச்சம்தான். இந்தப் பகுதியில இருக்கற சாமான் எல்லாமே விலை ஜாஸ்தி.

பம்புக்குள்ள இருக்கற பிளஞ்சருக்கும் அதைச் சுத்தி இருக்கற பேரலுக்கும் இடைவெளி சில மைக்ரான்தான். தலைமுடியோட தடிமன்ல ஒரு சின்னப் பங்கு. பெரியநாயக்கன்பாளையத்துக்காரங்களுக்கு இதை ரொம்ப விளக்க வேண்டியதில்ல. 1962ல தொடங்கின லட்சுமி மெஷின் ஒர்க்ஸ் ஊருக்குள்ளயே இருக்கு. மைக்ரான் கணக்குல வேலை பாத்தவங்க தெருவுக்கு ஒருத்தராவது இருப்பாங்க. அவங்ககிட்ட கேளுங்க, அந்த இடைவெளிக்குள்ள ஒரு தூசியோ ஒரு சொட்டுத் தண்ணியோ போனா என்ன ஆகும்னு. இன்னொரு விஷயம், ரோட்டரி பம்புக்குள்ள தனியா ஆயில் கிடையாது, ஓடற டீசலேதான் அதுக்கு எண்ணெய். அதனாலதான் மண்ணெண்ணெய் கலந்த டீசல் பம்பைக் கொல்லுது. அது சட்டப்படியும் தப்பு.

ஒரு எச்சரிக்கை. இங்க சொல்றது மெக்கானிக்கல் பம்ப் இருக்கற பழைய வண்டிகளுக்கு. நாடு முழுக்க பி.எஸ்.4 வந்தது 2017 ஏப்ரல், பி.எஸ்.6 வந்தது 2020 ஏப்ரல். அதுக்கு முந்தின பிக்கப்கள் பலதுல மெக்கானிக்கல் பம்ப்தான். உங்க வண்டி சி.ஆர்.டி.ஐ.யா இருந்தா, அதுல அழுத்தம் ஆயிரம் பாரைத் தாண்டும். அதோட பைப்பை இன்ஜின் ஓடும்போது லூஸ் பண்றது உயிருக்கே ஆபத்து. அந்த வண்டிக்கு ஸ்கேனர் இருக்கற இடம்தான் சரி.

வண்டி என்ன சொல்லுது?

மேட்டுப்பாளையத்துல இருந்து உருளைக்கிழங்கு, காரமடையில இருந்து கருவேப்பிலை, வாழைத்தார், ஃபவுண்டரி காஸ்டிங்னு ஓடற வண்டிகளுக்கு ஒரு இயற்கையான பரிசோதனைக்கூடம் இருக்கு. அது குன்னூர் மலைப்பாதை. கீழ கோயமுத்தூர் ரோட்டுல காலி வண்டியா ஓடும்போது தெரியாத கோளாறு, லோடோட பர்லியாறு தாண்டி ஏறும்போது தெரிஞ்சிடும். அப்பாகிட்ட "வண்டி ரிப்பேரா?"ன்னு பொதுவா கேக்காம, இப்படிக் கேளுங்க:

*சமதரையில நல்லா ஓடுது, மேட்டுல மட்டும் மூச்சு வாங்குதா?* இன்ஜினுக்கு வேண்டிய அளவு டீசல் போய்ச் சேரலங்கறதுக்கு இது பெரிய அடையாளம். ஃபில்டர் அடைப்பு, டேங்க் வலை அடைப்பு, ஃபீட் பம்ப் சோர்வு. இந்த மூணும் சின்னச் செலவு.

*காலையில ஸ்டார்ட் ஆக ரொம்ப நேரம் எடுக்குது, அப்புறம் நல்லா ஓடுதா?* ராத்திரி எங்கயோ காத்து புகுந்து டீசல் டேங்குக்கே இறங்கியிருக்கலாம். பேட்டரி, ஹீட்டர் பிளக் இருக்கற வண்டின்னா அதுவும், சந்தேகப் பட்டியல்ல வரும்.

*திடீர்னு நின்னுது, திரும்ப ஸ்டார்ட்டே ஆகலயா?* ரோட்டரி பம்ப் வண்டிகள்ல சாவியை ஆஃப் பண்ணா டீசலை நிறுத்தற ஒரு சின்ன சொலினாய்டு வால்வு இருக்கும். அதுக்குப் போற ஒயர் கழண்டாலே இன்ஜின் செத்த மாதிரி நிக்கும். ஒயரைச் சொருகினா முடிஞ்சது.

*கறுப்புப் புகையா?* டீசல் ஜாஸ்தி, இல்ல காத்து கம்மி. முதல்ல பாக்க வேண்டியது ஏர் ஃபில்டர். அப்புறம்தான் நாசில். அதுக்கும் அப்புறம்தான் பம்ப்.

*வெள்ளைப் புகையா?* குளிர்ந்த இன்ஜின்ல கொஞ்ச நேரம் வந்தா எரியாத டீசல். சூடான பிறகும் நிக்காம வந்து, ரேடியேட்டர் தண்ணியும் குறைஞ்சா, கோளாறு டீசல் பக்கமே இல்ல. ஹெட் கேஸ்கெட்டைப் பாக்கணும்.

*இன்ஜின் ஆயில் மட்டம் ஏறியிருக்கா, டீசல் வாடை அடிக்குதா?* டீசல் எங்கயோ ஆயிலோட கலக்குது. இதுக்கு ஒரே பதில்தான், வண்டியை உடனே நிறுத்துங்க. இதோட ஓட்டினா 45,000 ரூபாய் வேலை ஒன்றரை லட்ச ரூபாய் இன்ஜின் வேலையா மாறிடலாம்.

பாருங்க, இத்தனை அடையாளத்துல "பம்ப்தான்"னு நேரா விரல் நீட்டறது ஒண்ணுகூட இல்ல. பம்ப் போகாதுன்னு சொல்லல, போகும். ஆனா அது வரிசையில கடைசி ஆள்.

கீழ இருந்து மேல ஏறுங்க

இதுதான் இந்தப் பதிவோட உயிர். விலை கம்மியான இடத்துல இருந்து விலை அதிகமான இடத்துக்குப் போகணும். வேலையைப் பட்டறைதான் செய்யும், ஆனா வரிசையைக் கேட்டு வாங்கற உரிமை உங்களுக்கு இருக்கு.

முதல் படி, டேங்க். பழைய டேங்க்ல அடியில துரு, சகதி, தண்ணி தேங்கும். ஐப்பசி கார்த்திகை மழையில மூடி வழியா தண்ணி இறங்கறதும் உண்டு. பாதி காலியா நிக்கற டேங்க்ல ராத்திரி ஈரக் காத்து குளிர்ந்து தண்ணியாகறதும் உண்டு. டேங்க் மூடியில காத்துத் துளை அடைச்சிருந்தாலும் டீசல் வராது. மூடியைத் திறந்ததும் "புஸ்"னு காத்து உள்ள இழுத்து, வண்டி சரியாச்சுன்னா விஷயம் அவ்வளவுதான்.

இங்க ஒரு அருமையான சோதனை இருக்கு. சுத்தமான கேன்ல நல்ல டீசல் எடுத்து, சைலன்சர் சூடு படாத இடத்துல பத்திரமா கட்டி, டேங்க் லைனைக் கழட்டிட்டு அந்தக் கேன்ல இருந்து நேரா ஃபீட் பம்புக்கு ஹோஸ் கொடுத்து ஓட்டிப் பாக்கறது. ரிட்டர்ன் லைனையும் அந்தக் கேனுக்கே திருப்பிடணும். இப்ப வண்டி நல்லா இழுத்துச்சுன்னா பம்ப் மேல பழி இல்ல. குத்தம் டேங்க்லயோ லைன்லயோதான். அரை மணி நேர வேலை.

ரெண்டாவது படி, ஃபில்டரும் தண்ணிக் கிண்ணமும். பழைய ஃபில்டரைத் தூக்கிப் போட விடாதீங்க. அதுக்குள்ள இருக்கற டீசலை ஒரு கண்ணாடி பாட்டில்ல ஊத்தி வைக்கச் சொல்லுங்க. கொஞ்ச நேரத்துல தண்ணி அடியில தனியா நிக்கும். துருத்தூள் தெரியும். டேங்கோட ஜாதகமே அந்தப் பாட்டில்ல இருக்கும்.

மூணாவது படி, ஹோஸ், காப்பர் வாஷர், ஏர் எடுக்கறது. பலரும் ஏமாறற இடம் இது. "எங்கயும் லீக் இல்லீங்க, ஒரு சொட்டு ஒழுகல"ன்னு சொல்லுவாங்க. டேங்க்ல இருந்து ஃபீட் பம்ப் வரைக்கும் இருக்கற லைன் டீசலை *உறிஞ்சற* லைன். அங்க விரிசல் இருந்தா டீசல் வெளிய வராது, காத்து உள்ள போகும். ஹோஸ் காய்ஞ்சே இருக்கும், வண்டி மட்டும் திணறும். ஃபில்டருக்கு முன்னாடி ஒரு ஜான் கண்ணாடி டியூப் போட்டுப் பாத்தா குமிழி குமிழியா வர்றது தெரியும். ஹோஸ், கிளாம்ப், வாஷர் மாத்தி, ஹேண்ட் பிரைமரை அடிச்சு, குமிழி இல்லாத டீசல் வர்ற வரைக்கும் ஏர் எடுத்தா போதும்.

நாலாவது படி, ஃபீட் பம்ப். பெரிய பம்புக்கு டீசல் தள்ளற சின்ன பம்ப். இது சோர்ந்தா பெரிய பம்ப் பட்டினி கிடக்கும். பட்டினி கிடக்கறவனைப் பாத்து "இவனுக்கு உடம்பு சரியில்ல"ன்னு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போற கதைதான் பல பம்ப் ரிப்பேர்.

அஞ்சாவது படி, நாசில். இன்ஜின் ஐடில்ல ஓடும்போது மெக்கானிக் ஒவ்வொரு சிலிண்டர் பைப் நட்டையும் லேசா லூஸ் பண்ணிப் பாப்பார். சத்தம் மாறலைன்னா அந்த சிலிண்டர் ஏற்கெனவே சும்மா இருக்குன்னு அர்த்தம். அப்புறம் இன்ஜெக்டரைக் கழட்டி டெஸ்டர்ல வெச்சு மூணு விஷயம் பாக்கணும்: எத்தனை பார்ல திறக்குது, பனி மாதிரி தூவுதா, தூவி முடிச்ச பிறகு சொட்டுதா. சொட்டற நாசில் கறுப்புப் புகையும் மைலேஜ் நஷ்டமும் தரும், நாளாக ஆக பிஸ்டனையே ஓட்டை போட்டுடும்.

ஆறாவது படி, பெரிய பம்ப். இப்பதான் அது கழட்டலாம். கழட்டறதுக்கு முன்னாடி டைமிங் மார்க் போடணும். பம்ப் டெஸ்ட் பெஞ்ச் இருக்கற சர்வீஸ் சென்டருக்குத்தான் போகணும், ஏன்னா ஒவ்வொரு லைன்லயும் எத்தனை மில்லி டீசல் வருதுன்னு அளந்துதான் காலிபரேஷன் பண்ண முடியும். காதால கேட்டு ஸ்குரூ திருகறது காலிபரேஷன் ஆகாது. "கொஞ்சம் டீசல் ஏத்தி விட்டுடுங்க, இழுவை நல்லா இருக்கும்"னு சொல்றதும் வேண்டாம். புகையும் சூடும் ஏறும், மைலேஜ் இறங்கும், எஃப்.சி.யில மாட்டும்.

உங்க பாதுகாப்புக்கு ஒரு வரி. அதிக அழுத்த பைப்ல லீக் இருக்கான்னு விரலை வெச்சுப் பாக்கவே கூடாது. அந்த வேகத்துல வர்ற டீசல் தோலைத் துளைச்சு உள்ள போகும். வெளிய ஊசி குத்தின மாதிரிதான் தெரியும், உள்ள விரலையே இழக்கற நிலைமை வரலாம். அப்படி ஆச்சுன்னா வலி இல்லைன்னாலும் உடனே ஆஸ்பத்திரி போகணும். லீக் பாக்க ஒரு அட்டைத் துண்டு போதும்.

இப்ப பணக் கணக்கு

கீழ இருக்கற தொகைகள் கணக்குக்காக நான் வெச்சுக்கறது. உங்க பட்டறை சொல்ற தொகையை அந்தந்த இடத்துல போட்டுக்கோங்க.

- டேங்க் சுத்தம்: 1,500
- ஃபில்டர்கள்: 1,500
- ஹோஸ், கிளாம்ப், வாஷர்: 1,500
- ஃபீட் பம்ப்: 2,500
- நாலு நாசில்: 10,000
- எஃப்.ஐ. பம்ப் வேலை: 28,000
- மொத்தம்: 45,000

முதல் மூணு படிக்கு ஆகறது வெறும் 4,500. மொத்தத்துல பத்துல ஒரு பங்கு. "அந்த 4,500 செலவு பண்ணியும் கடைசியில பம்ப்தான்னு ஆனா அது தண்டம்தானே?"ன்னு கேப்பீங்க. தண்டம் இல்ல. அழுக்கு டேங்கோட புதுசா வேலை பாத்த பம்பை மாட்டினா, அதே துருவும் தண்ணியும் அதையும் தின்னுடும். எப்படியும் டேங்கைக் கழுவித்தான் ஆகணும், ஃபில்டர் மாத்தித்தான் ஆகணும். ஆக, எப்படியும் ஆகப்போற செலவை முதல்ல பண்றீங்க. பெரிய செலவு ஒருவேளை தப்பிக்கலாம். இதுல தோக்கறதுக்கு ஒண்ணுமே இல்ல.

"அடுத்த மாசம் பாத்துக்கலாம்" எவ்வளவுக்கு விக்குது?

வண்டி மாசம் 2,000 கிலோமீட்டர் ஓடுதுன்னு வெச்சுப்போம். லிட்டருக்கு 12 கொடுத்துட்டிருந்தது இப்ப 10தான் கொடுக்குது. முன்னாடி மாசம் 167 லிட்டர், இப்ப 200 லிட்டர். வித்தியாசம் 33 லிட்டர் சொச்சம். லிட்டர் 92 ரூபாய்னா மாசம் சுமார் 3,070 ரூபாய் புகையா போகுது. வருஷத்துக்கு 36,800.

அதாவது 4,500 ரூபாய் வேலையில சரியாச்சுன்னா, அந்தக் காசு ஒன்றரை மாசத்துல திரும்பிடும். மொத்தம் 45,000 ஆனாலும் 15 மாசத்துல டீசல் மிச்சத்துலயே வந்துடும். ரிப்பேரைத் தள்ளிப் போடறது சேமிப்பு மாதிரி தெரியும், ஆனா பங்க்ல தினமும் வட்டி கட்டிட்டுத்தான் இருக்கீங்க.

இதோட வண்டி நிக்கற நாள் கணக்கும் சேருங்க. செலவு போக நாளுக்கு 1,200 நிக்கற வண்டி ஆறு நாள் பட்டறையில கிடந்தா 7,200 போச்சு. வாடிக்கைக்காரர் வேற வண்டி புடிச்சுட்டார்னா, அந்த நஷ்டத்துக்குக் கணக்கே கிடையாது.

வித்துட்டு புதுசு எடுத்துடலாமா?

7 லட்சம் லோன், 11 சதவீதம், 5 வருஷம்னா இ.எம்.ஐ. மாசம் சுமார் 15,220. அஞ்சு வருஷத்துல வட்டி மட்டும் 2,13,000 ரூபாய்க்கு மேல. முன்பணமும் புது வண்டி இன்சூரன்ஸும் தனி. 45,000 ரூபாய் ரிப்பேரை 12 மாசத்துக்குப் பரப்பினா மாசம் 3,750.

"வண்டியே ஒன்றரை லட்சம்தான் போகும், அதுக்கு 45,000 செலவா?"ன்னு உறவுல யாராவது கண்டிப்பா கேப்பாங்க. அந்த ஒப்பீடே தப்பு. ரிப்பேர் செலவை வண்டி விலையோட வெச்சுப் பாக்கக் கூடாது. *அடுத்த 12 மாசம் இந்த வண்டியை வெச்சிருக்க என்ன ஆகும், வேற வண்டி வெச்சிருக்க என்ன ஆகும்*, இதைத்தான் பாக்கணும். அதே மாதிரி "போன வருஷம்தான் கிளட்ச், கியர்பாக்ஸ்னு 60,000 கொட்டினோம், இப்ப எப்படி விக்கறது?"ங்கறதும் தப்பு. போன காசு போனதுதான், அது இந்த முடிவுல ஓட்டுப் போடக் கூடாது.

ஆனா ரிப்பேர்தான் எப்பவும் சரின்னும் நான் சொல்லல. பெரிய பம்புல கை வைக்கறதுக்கு முன்னாடி மூணு விஷயம் பாருங்க:

1. கம்ப்ரஷன் டெஸ்ட். இன்ஜின் அழுத்தமே தேஞ்சு போயிருந்தா, எவ்வளவு நல்ல பம்ப் போட்டாலும் டீசல் ஒழுங்கா எரியாது. அப்ப 28,000 போடறது ஓட்டைக் குடத்துல தண்ணி ஊத்தற கதை.
2. சேஸிஸ் துரு. பாடி துருவை ஒட்டலாம். சேஸிஸ் துரு வேற விஷயம்.
3. காகிதம். சரக்கு வண்டிக்கு 8 வருஷம் வரைக்கும் ரெண்டு வருஷத்துக்கு ஒரு எஃப்.சி., அதுக்கப்புறம் வருஷா வருஷம். பசுமை வரியும் இருக்கு. 15 வருஷம் தாண்டினா எஃப்.சி. கட்டணம் கணிசமா ஏறும். அடுத்த எஃப்.சி.க்கு மொத்தம் என்ன ஆகும்னு கேட்டுட்டு அதையும் 12 மாசக் கணக்குல சேருங்க.

மூணும் தேறினா ரிப்பேர் பண்ணுங்க. ரெண்டு தேறலைன்னா ஓடற நிலைமையிலயே வித்துடறது நல்லது. இன்னொண்ணு, இன்சூரன்ஸ் கொடுக்கும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. தேய்மானமும் மெக்கானிக்கல் கோளாறும் சாதாரண மோட்டார் பாலிசியில வராது.

பட்டறையில கேக்க வேண்டியது

சண்டை போடற மாதிரி கேக்க வேண்டாம். அப்பாவுக்கும் மேஸ்திரிக்கும் இருபது வருஷப் பழக்கம் இருக்கும், அதைக் கெடுத்துடாதீங்க. மரியாதையா கேளுங்க:

"கேன்ல டீசல் போட்டு ஓட்டிப் பாத்தீங்களாங்ண்ணா?"

"நாசில் டெஸ்டர்ல எத்தனை பார் காட்டுச்சுங்க?"

"பம்ப் பெஞ்ச்ல போட்ட ரீடிங்கை ஒரு தாள்ல எழுதிக் கொடுப்பாங்களா?"

"மாத்தின பழைய சாமானை எடுத்துட்டுப் போறோம்ங்க. பில்லுல பார்ட் நம்பர் போட்டுடுங்க."

நல்ல மெக்கானிக்குக்கு இந்தக் கேள்விகள் பிடிக்கும். பதில் சொல்லும்போதே அவர் எந்தப் படி வரைக்கும் பாத்திருக்கார்னு உங்களுக்குத் தெரிஞ்சிடும்.

காசு எங்க இருந்து?

கிரெடிட் கார்டு மாசம் 3.5 சதவீதம் வட்டின்னா 45,000க்கு முதல் மாசமே 1,575 ரூபாய். கட்டாம விட்டா வட்டிக்கு வட்டி ஏறி வருஷத்துக்கு 51 சதவீதம் வரைக்கும் போகும். பில் தேதிக்குள்ள முழுசா கட்ட முடியும்னா மட்டும் கார்டு. இல்லைன்னா உங்க அவசர நிதியில இருந்து எடுங்க, இதுக்குத்தான் அது. அதுவும் இல்லைன்னா நகைக்கடன் கார்டை விட ரொம்பக் கம்மி வட்டியில கிடைக்கும். ஒரே நிபந்தனை, திருப்பற தேதியைக் காலண்டர்ல எழுதிட்டு வைங்க.

அடுத்த தடவை இந்த ஃபோன் வராம இருக்க ஒரு வழி இருக்கு. ஓடற ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஒன்றரை ரூபாய் தனியா எடுத்து வைக்கணும். மாசம் 2,000 கிலோமீட்டர்னா 3,000 ரூபாய், வருஷத்துக்கு 36,000. இதுக்குன்னு ஒரு தனி சேமிப்புக் கணக்கு, முடிஞ்சா ஆர்.டி. இந்தப் பணம் உங்க சம்பளத்துல இருந்து போகக் கூடாது, வண்டி வாடகையில இருந்து போகணும். ஏன்னா வண்டி ஒரு தொழில். தன் ரிப்பேருக்குத் தானே சம்பாதிக்குதான்னு தெரிஞ்சாதான் அந்தத் தொழில் நிக்குதா இல்லையான்னு தெரியும். மாசம் 3,000 ஒதுக்கவே முடியலைன்னா, கோளாறு பம்புல இல்ல, வாடகை ரேட்டுல இருக்கு.

அதோட ஒரு நோட்டு. ஒவ்வொரு தடவையும் டேங்க் நிறைய அடிச்சு, கிலோமீட்டரும் லிட்டரும் எழுதணும். ஓடின கிலோமீட்டரை இந்தத் தடவை அடிச்ச லிட்டரால வகுத்தா மைலேஜ். 12, 12, 11.5, 11னு இறங்க ஆரம்பிச்சா, வண்டி நிக்கறதுக்கு ரெண்டு மாசம் முன்னாடியே அது உங்ககிட்ட பேசிடுச்சு. அப்ப 1,500 ரூபாய் ஃபில்டர்லயே முடிஞ்சிருக்கும்.

அடுத்த லீவுல ஊருக்குப் போகும்போது அந்த நோட்டை வாங்கிட்டுப் போங்க. அப்பாவுக்குக் கணக்கு சொல்லிக் கொடுக்கற தோரணை வேண்டாம். அந்த வண்டி ஓடித்தான் உங்க செமஸ்டர் ஃபீஸ் கட்டினாங்க, எந்த மேட்டுல எந்த கியர்ல இன்ஜின் என்ன சத்தம் போடும்னு அவருக்குத் தெரியும். அவர் சொல்லட்டும், நீங்க பக்கத்துல உக்காந்து எழுதுங்க. அவர் காதுக்குத் தெரிஞ்சது தாள்ல வந்துட்டா, ரெண்டு பேருமா சேர்ந்து முடிவு எடுக்கலாம்.

உங்க வீட்டு வண்டி எந்த வருஷம், மாசம் எத்தனை கிலோமீட்டர், பட்டறை சொன்ன எஸ்டிமேட் என்ன, இந்த மூணையும் இன்னிக்கே ஒரு தாள்ல எழுதி, மேல இருக்கற கணக்குல போட்டுப் பாருங்க. அடுத்த பதிவுல, வண்டி வாடகை ரேட்டை எப்படி நிர்ணயிக்கறதுன்னு பாக்கலாம்.